காணி குறுகிய ஊரும் நீண்ட சாலையும்: ஜாவாவின் வேளாண் கிராமம்

இந்தோனேசியாவின் நிலப்பரப்பில் ஜாவா தீவின் பங்கு நூற்றுக்கு 7. மக்கள்தொகையில் அதன் பங்கு நூற்றுக்கு 56. 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் 27 கோடிப் பேரில் 15 கோடிக்கு மேற்பட்டோர் அந்த ஒரே தீவில் வாழ்கிறார்கள். இவ்வளவு நெருக்கத்திலும் ஜாவாவில் உழவு நடக்கிறது, கிராமங்கள் கலையாமல் இருக்கின்றன. நிலம் போதாத ஊர் எப்படி ஊராக நீடிக்கிறது என்ற கேள்விக்கு வயலில் கிடைப்பது பாதி விடைதான். மறுபாதி, ஊரைவிட்டு வெளியே போய்த் திரும்பி வரும் பாதையில் இருக்கிறது. நடு ஜாவாவின் நெல் விளையும் சிற்றூரில் வாழ்க்கை, உடைமை, பயணம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தாங்குகின்றன என்பதே இங்கு பேசப்படும் பொருள்.

அந்தச் சமவெளி ஊரைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் கண்ணில் வீடு எதுவும் படாது. வயல்வெளிக்கு நடுவே தென்னையும் மூங்கிலும் வாழையும் அடர்ந்த தோப்பு ஒன்று தெரியும், அதற்குள்தான் ஊர். ஊராரின் நிலம் மூன்று வகைப்படும். வீட்டைச் சுற்றியிருக்கும் மனைத்தோட்டம் பெகாரங்கான். நீர் பாயும் நெல்வயல் சவாஹ். மழையை நம்பிய மேட்டுநிலம் தெகால். மனைத்தோட்டம் புதியவர் கண்ணுக்குப் புதர்க்காடாகத் தெரியலாம். ஆனால் அதில் வீணான இடம் கிடையாது. மேலே தென்னை, அதன் நிழலில் பலா, அதற்கும் கீழே வாழை, தரையில் மரவள்ளியும் மஞ்சளும் பேரரத்தையும், மூலையில் கோழிக்கூடு, பின்புறம் ஆட்டுக்கொட்டில். வயல் இல்லாத குடும்பத்துக்கும் பெரும்பாலும் இந்தத் தோட்டம் உண்டு. அதுவும் இல்லாதவர், பிறர் மனையின் ஓரத்தில் குடிசை போட இடம் கேட்டு வாழ்பவர். ஊரின் ஏணியில் கடைசிப் படி அவருடையது.

வீட்டுக்காரரின் நிலையைக் கூரையே சொல்லிவிடும். இரண்டு பக்கம் சரியும் எளிய கூரை சாமானியருடையது. நான்கு பக்கமும் சரியும் லிமாசான் வசதியுள்ளவருடையது. நடுவில் நான்கு தூண்கள் தாங்க உயர்ந்து நிற்கும் ஜோக்லோ, ஊர்த்தலைவரும் பெருநிலக்காரரும் கட்டியது. பழைய வீடுகளின் உட்பகுதியில் மூன்று சிற்றறைகள் வரிசையாக இருக்கும். நடு அறை நெல்லுக்குரிய தெய்வமான தேவி ஸ்ரீயின் இடம். ஊரார் பெரும்பாலும் முஸ்லிம்கள். அதனால் அந்த அறைக்கு மரியாதை குறைந்துவிடவில்லை. ஓலைக்கூரை போய் ஓட்டுக்கூரை வந்ததற்கு ஒரு கொள்ளைநோயும் காரணம். 1911-இல் கிழக்கு ஜாவாவின் மாலாங் பகுதியில் பிளேக் பரவியபோது, மூங்கில் உத்தரங்களின் பொந்திலும் கூரை வேய்ச்சலிலும் எலிகள் குடியிருப்பது தெரியவந்தது. டச்சு அரசு லட்சக்கணக்கான வீடுகளை ஓடு போட்டுத் திருத்த வைத்தது. அடுப்படியில் மாற்றம் வந்தது மிகப் பிந்தி. 2007-இல் மண்ணெண்ணெய் மானியத்தை விலக்க முனைந்த அரசு, 3 கிலோ எரிவாயு உருளையை வீடு வீடாகக் கொடுத்தது. பச்சை நிறமும் உருண்டை வடிவமும் கொண்ட அதை எல்லோரும் ‘மெலோன்’ என்றே அழைக்கிறார்கள். பின்கட்டில் விறகடுப்பு இன்றும் புகைகிறது. கல்யாணச் சமையலுக்கு அதுதான்.

நிர்வாகக் கணக்கில் ஊர் என்பது தேசா. அதற்குள் சில சிற்றூர்கள், ஒவ்வொன்றும் டூசுன். டூசுனுக்குள் ஆர்.வே., அதற்குள் ஆர்.தே. எனப்படும் பக்கத்து வீட்டார் குழுக்கள். இந்தக் கடைசி இரண்டும் ஜாவா மரபில் வந்தவை போலத் தோன்றினாலும், 1942 முதல் 1945 வரை தீவை ஆண்ட ஜப்பானியப் படை தன் நாட்டு அண்டைவீட்டுக் குழு முறையை இங்கே கொண்டுவந்து நட்டதன் மிச்சம். போருக்காக நெல்லையும் ஆளையும் திரட்ட வந்த ஏற்பாடு, இன்று கிராம வாழ்க்கையின் அன்றாட அலுவலகமாகிவிட்டது. திருமணம், குடிபெயர்வு, அடையாள அட்டை என எதற்கும் முதல் கடிதம் ஆர்.தே. தலைவரிடம் வாங்க வேண்டும். அவர் பெரும்பாலும் சம்பளமில்லாத மனிதர். வயலிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு முத்திரை குத்துவார். டூசுன் நுழைவாயிலில் ஒரு பலகை தொங்கும்: தங்க வரும் விருந்தாளி 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பலகை எங்கும் இருக்கிறது. நடைமுறை தலைவரைப் பொறுத்தது.

ஊர்த்தலைவர் லூரா. அவருக்குக் கீழே எழுத்தர் சாரிக், டூசுன் தலைவர் காமிதுவா, தொழுகையும் அடக்கமும் பார்க்கும் மோதின், காவலுக்கு ஜோகோபோயோ, வாய்க்கால் தண்ணீர் முறை பார்க்கும் உலு-உலு. லூரா ஊராரின் வாக்கால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். 2014-ஆம் ஆண்டுக் கிராமச் சட்டம் அவர் பதவிக்காலத்தை 6 ஆண்டு என்றது. 2024-இல் அது 8 ஆண்டாக நீண்டது. அந்தத் தேர்தல் நாடாளுமன்றத் தேர்தலைவிடச் சூடானது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. காரணத்தைத் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. பதவியோடு நிலம் வருகிறது.

ஜாவா ஊர் அலுவலர்களுக்கு மரபான ஊதியம் பணம் கிடையாது, வயல்தான். பெங்கோக் எனப்படும் அந்த நிலம் ஊருக்குச் சொந்தம். பதவியில் இருக்கும்வரை விளைச்சல் அலுவலருக்கு. லூராவுக்குச் சில ஹெக்டேர், மற்றவர்களுக்குப் படிப்படியாகக் குறைவு. சராசரி உழவரிடம் அரை ஹெக்டேர்கூட இல்லாத ஊரில் இது எவ்வளவு பெரிய சொத்து என்பது தெளிவு. 2014-ஆம் ஆண்டின் அமலாக்க ஒழுங்குமுறை பெங்கோக் வருமானத்தை ஊர்க் கருவூலத்தில் சேர்க்கச் சொன்னது. நடு ஜாவாவின் ஊர் அலுவலர்கள் கொதித்தெழுந்தார்கள். அடுத்த ஆண்டே ஒழுங்குமுறை திருத்தப்பட்டு, சம்பளத்துக்கு மேல் கூடுதல் படியாக அந்த விளைச்சல் மறுபடியும் அவர்களுக்குக் கிடைத்தது. தலைநகரில் எழுதிய சட்டம் சவாஹ் வரப்பில் தடுக்கி விழுந்த கதைகளில் இது ஒன்று.

நிலவுரிமையின் வரலாறு இதைவிடச் சிக்கலானது. 1811 முதல் 1816 வரை ஜாவாவை ஆண்ட ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் நிலவரியைக் கொண்டுவந்தார். வரி கேட்கப்பட்டது கிராமத்திடம். 1830-இல் டச்சு ஆளுநர் வான் டென் பாஸ் கொண்டுவந்த கட்டாயச் சாகுபடி முறையில், ஊர் நிலத்தில் ஐந்தில் ஒரு பகுதியில் கரும்பு, அவுரி போன்ற ஏற்றுமதிப் பயிர் போட வேண்டும் என்பது எழுத்தில் இருந்த விதி. நடப்பில் சுமை பல இடங்களில் அதையும் தாண்டியது. கட்டாய உழைப்புக்கு ஆள் தரும் பொறுப்பு நிலம் வைத்திருந்தவர் தலையில் விழுந்தது. சுமையைப் பலர் தோளில் பகிர, பல ஊர்கள் நிலத்தையும் பலருக்குப் பகிர்ந்தன. பங்குகள் முறை மாறி வந்தன. கோகோல் என்று பெயர் பெற்ற இந்தப் பங்குரிமை ஆதிகாலச் சமத்துவம் என்று சில நூல்கள் புகழ்ந்தன. அது பெருமளவு வரிக்கும் உழைப்புக்கும் ஊர் கண்டுபிடித்த மறுமொழி என்பதே பொருந்துகிறது.

விடுதலைக்குப் பின் 1960 செப்டம்பர் 24-இல் அடிப்படை நிலச் சட்டம் நிறைவேறியது. டச்சுக்காரரின் ஐரோப்பிய உரிமை ஒருபுறம், ஊர் மரபுரிமை மறுபுறம் என்றிருந்த இரட்டை ஏற்பாட்டை அது முடித்தது. முழு உடைமையான ஹாக் மிலிக், பெருந்தோட்டங்களுக்கான நீண்டகாலப் பயன்பாட்டுரிமை, கட்டட உரிமை, பயன்பாட்டுரிமை என வகைகள் பிரிந்தன. முழு உடைமை தனிமனிதரில் இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டும். அதே ஆண்டு வந்த இன்னொரு சட்டம் உச்சவரம்பு வைத்தது. மக்கள் அடர்த்தி மிகுந்த இடங்களில் ஒரு குடும்பத்துக்கு 5 ஹெக்டேர் நன்செய், அடர்த்தி குறைந்த இடங்களில் 15 ஹெக்டேர் வரை. குடும்பத்துக்குக் குறைந்தது 2 ஹெக்டேராவது இருக்க வேண்டும் என்ற இலக்கும் அதில் எழுதப்பட்டது. ஜாவாவில் எல்லோருக்கும் 2 ஹெக்டேர் கொடுக்க இன்னொரு ஜாவா வேண்டும்.

பங்கீடு மெதுவாகவே நகர்ந்தது. பொறுமையிழந்த உழவர்கள், கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த உழவர் சங்கத்தின் தலைமையில் 1963-க்குப் பின் உபரி நிலங்களில் தாங்களே இறங்கினார்கள். நிலக்காரர்கள் பலர் சமய அமைப்புகளில் செல்வாக்குள்ளவர்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. 1965 அக்டோபர் முதல் 1966 வரை நடந்த படுகொலைகளில் ஐந்து லட்சத்துக்குக் குறையாதோர் மாண்டனர் என்பது பரவலான மதிப்பீடு. நடு ஜாவாவும் கிழக்கு ஜாவாவும் பாலியும் மிகக் கடுமையாக அடிபட்டன. பங்கிட்டுக் கொடுத்த நிலத்தில் ஒரு பகுதி பழைய உடைமையாளர் கைக்கே திரும்பியது. அதன்பின் நெடுங்காலம் நிலச்சீர்திருத்தம் என்ற பேச்சே ஊரில் எழவில்லை. நிலத்தைப் பற்றி முதியவர்கள் இன்றும் தாழ்ந்த குரலில் பேசுவதன் பின்னணி இது.

உரிமைக்கு எழுத்துச் சான்று எது? ஊர் அலுவலக அலமாரியில் தடித்த பழைய பதிவேடு ஒன்று இருக்கும். பெயர் லெட்டர் சி. வரி வசூலுக்காக எழுதப்பட்ட அதில் உடையவர் பெயர், நிலத்தின் வகுப்பு, பரப்பு, கைமாறிய விவரம் எல்லாம் மை மங்கிய எழுத்தில் இருக்கும். பாட்டனின் பெயர் அடிக்கப்பட்டு மகன் பெயர் மேலே, அதற்கும் மேலே பேரன் பெயர். சட்டப்படி இது வரிக்குறிப்பு, உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நிலம் இந்தப் பக்கங்களை நம்பியே கைமாறியது. அதனால் இந்தப் பதிவேட்டைக் கையில் வைத்திருக்கும் சாரிக், லூராவுக்கு அடுத்தபடி ஊரில் செல்வாக்குள்ளவர். 2017 முதல் அரசு ஊர் ஊராக எல்லா நிலத்தையும் ஒரே வீச்சில் அளந்து உரிமைச் சான்றிதழ் கொடுக்கும் திட்டத்தை முடுக்கியது. எல்லைக்கல் நட்ட நாட்களில், பல காலமாக யாரும் பேசாத வரப்புச் சண்டைகள் பல உயிர்பெற்றன. சான்றிதழ் கைக்கு வந்ததும் முதலில் நடப்பது பல வீடுகளில் வங்கிக் கடன்தான். 1895-இல் நடு ஜாவாவின் புர்வோகெர்த்தோவில் பிறந்த ரக்யாத் வங்கியின் கிளை, சந்தைப் பக்கத்தில் எப்போதும் இருக்கும்.

நிலம் சிறுக்கும் இயந்திரம் வாரிசுப் பங்கீடு. இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. ஜாவா மரபில் இதையே ஆண் காவடியில் இரு பக்கம் சுமப்பான், பெண் முதுகில் ஒன்று சுமப்பாள் என்பார்கள். ஆனால் மகனும் மகளும் சமமாகப் பிரித்துக்கொள்ளும் வழக்கமும் ஜாவாவில் ஆழமானது. 1991-இல் தொகுக்கப்பட்ட இஸ்லாமியச் சட்டத் தொகுப்பும் வாரிசுகள் தங்கள் பங்கை அறிந்தபின் இசைந்து வேறுவிதமாகப் பிரிக்க இடம் தருகிறது. பெற்றோரை இறுதிவரை பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு, பெரும்பாலும் கடைசி மகளுக்கு, வீடும் மனையும் போகும். திருமணத்துக்குப் பின் சேர்த்தது கணவன் மனைவி இருவருக்கும் பொது. 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அதை உறுதிப்படுத்தியது. பெண்ணின் பெயரில் வயல் இருப்பதும், சந்தையில் பணத்தைப் பெண் கையாள்வதும் இங்கே வியப்புக்குரியவை அல்ல. விளைவு என்னவென்றால், பாட்டன் ஒரு பாவு, அதாவது ஏறத்தாழ 0.7 ஹெக்டேர் வைத்திருந்தால், பேரனிடம் சில நூறு சதுர மீட்டர். நாடு முழுவதும் அரை ஹெக்டேருக்குக் குறைவாக உழும் குடும்பங்கள் 2013 கணக்கெடுப்பில் 1.42 கோடி, 2023-இல் 1.69 கோடி.

இவ்வளவு சிறு நிலத்தைச் சுற்றி உரிமைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒருவர் பெயரில் வயல், இன்னொருவர் உழவு, மூன்றாமவர் ஒத்திக்குப் பணம் கொடுத்தவர், நான்காமவர் அறுவடைக்கு வரும் உரிமை பெற்றவர். பாதி வாரம் மாரோ. நிலக்காரருக்கும் உழுபவருக்கும் சமபங்கு. உழுபவருக்கு மூன்றில் ஒன்று மட்டுமே என்றால் மெர்தெலு. ஒத்தியில் நிலம் கடன் கொடுத்தவரிடம் போய்விடும்; பணம் திரும்பும்வரை விளைச்சல் அவருக்கு. சில வேளைகளில் கடனாளியே தன் வயலை வாரத்துக்கு எடுத்துத் தானே உழுவார். கால்நடைக்கும் இதே வழக்கம். மாடு ஒருவருடையது, புல் அறுத்து வளர்ப்பவர் இன்னொருவர், முதல் கன்று ஒருவருக்கென்றால் அடுத்தது மற்றவருக்கு.

அறுவடையில்தான் இந்த அடுக்குகள் வெளிச்சத்துக்கு வரும். அரை நூற்றாண்டுக்கு முன்புவரை நெல் அறுத்தது அரிவாளால் இல்லை. அனி-அனி என்ற சிறு கருவியால், உள்ளங்கையில் அடங்கும் மரத்துண்டில் பதித்த குட்டிக் கத்தியால், பெண்கள் ஒவ்வொரு கதிராகக் கிள்ளி எடுத்தார்கள். தேவி ஸ்ரீ அஞ்சாதபடி கத்தியை உள்ளங்கையில் மறைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. ஒரு வயலில் நூறு பேர் இறங்குவதும் உண்டு. வந்தவரைத் தடுப்பது அழகில்லை. அறுத்ததில் ஒரு பங்கு கூலி. பாவோன் என்று பெயர். உறவினருக்கு ஐந்தில் ஆறில் ஒன்று, அயலாருக்குப் பத்தில் பன்னிரண்டில் ஒன்று வரை. நிலமில்லாதவர் வீட்டுப் பானைக்கு நெல் வந்த வழி அது.

1960-களின் பிற்பகுதியில் புதிய குட்டை நெல் வந்தது. தமிழ்நாட்டு உழவரும் நன்றாக அறிந்த ஐ.ஆர்.8 இங்கே பி.பி.8 என்ற பெயரில் பரவியது. அதன் பெற்றோரில் ஒன்றான பேத்தா இந்தோனேசிய நெல்தான். குட்டை நெல் அனி-அனிக்கு ஒத்துவரவில்லை, மணியும் எளிதில் உதிர்ந்தது. அரிவாள் நுழைந்தது, அதோடு தெபாசான் வியாபாரியும் நுழைந்தார். அறுவடைக்குச் சில நாள் முன் வயலைச் சுற்றிப் பார்த்து, நின்ற பயிரை மொத்தமாக விலை பேசி, தன் சொந்த ஆட்களோடும் தராசோடும் வருவார். ஊர்ப் பெண்களை வேண்டாம் என்று சொல்ல நிலக்காரருக்கு வாய் வராது. வியாபாரிக்கு அந்தத் தயக்கம் இல்லை. பழியும் அவருக்கே. 1970-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகளுக்குள் அரிசி ஆலைகள் பரவி, உலக்கை குத்தும் கூலியும் போனது. உற்பத்தி பெருகியதும் உண்மை. நடுவில் புகையான் பூச்சி பெரும் சேதம் விளைவித்தாலும், 1984-இல் நாடு அரிசியில் தன்னிறைவு எட்டியதாக அறிவித்தது. பூச்சிமருந்து மிகுந்ததே புகையானைப் பெருக்கியது என்று தெளிந்தபின், 1986-இல் நெல்லுக்கு 57 மருந்துகள் தடைசெய்யப்பட்டன.

நிலமும் பயிரும் போக, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கணக்கும் ஊரில் ஓடுகிறது. கல்யாணம், சுன்னத்து, பிள்ளைப்பேறு எதற்கும் மொய் உண்டு. ஆண்கள் உறையில் பணம் வைப்பார்கள். பெண்கள் கூடையில் அரிசியும் சர்க்கரையும் சேமியாவும் கொண்டுபோய், திரும்பும்போது சமைத்த உணவு வாங்கி வருவார்கள். யார் எவ்வளவு வைத்தார் என்பது மொய் நோட்டில் ஏறும். அதே அளவு, விலைவாசி பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக, ஒரு நாள் திரும்ப வேண்டும். கல்யாண மாதங்களில் ஏழைக் குடும்பங்கள் கோழியையும் ஆட்டையும் விற்று மொய் வைப்பதுண்டு. இதற்கு மாறாக, சுமையே தெரியாத வசூல் ஒன்று இருக்கிறது. வீட்டு முன்தூணில் ஒரு சிறு டப்பா அல்லது பாட்டில் மூடி தொங்கும். அதில் ஒரு பிடி அரிசி. இரவுப் பாரா சுற்றுபவர்கள் அதைப் பையில் கொட்டிக்கொண்டு போவார்கள். டப்பா காலி என்றால் வீட்டில் ஏதோ சரியில்லை என்பதும் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இப்போது அரிசிக்குப் பதில் 500 ரூப்பியா நாணயம் கிடப்பதே அதிகம். சேர்ந்த பணம் தெருவிளக்குக்கும், இழவு வீட்டுக்குத் தரும் நாற்காலிக்கும் போகிறது.

இதுவரை சொல்லப்பட்டது ஜாவாவின் வழக்கம். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் ஊர்களில் குலநிலம் தாய்வழியே பெண்களுக்கு இறங்கும். பாலியில் நீரை ஆள்வது, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த சுபாக் என்னும் உழவர் சங்கம். 1979-ஆம் ஆண்டுச் சட்டம் ஜாவாவின் தேசா வடிவத்தை நாடெங்கும் திணித்தது. அதனால் உடைந்த, நாகரி எனப்படும் மினாங்கபாவ் ஊர் அமைப்பு, 2000-க்குப் பின் மீண்டும் ஒட்டவைக்கப்பட்டது.

இனி பயணம். ஊரின் முதல் பயணம் சந்தைக்கு. ஜாவாவில் ஏழு நாள் வாரத்தோடு இன்னொரு வாரமும் ஓடுகிறது: லெகி, பாஹிங், போன், வாகே, க்லிவோன் என ஐந்து நாள். ஒரு வட்டாரத்தின் சந்தைகள் இந்த ஐந்தைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன. வணிகர் நாளொரு சந்தையாகச் சுற்றினர், ஊரார் தமக்கு அருகிலுள்ளதற்கு ஐந்து நாளுக்கொருமுறை போயினர். சோலோ நகரில் பாசார் லெகி, பாசார் க்லிவோன் போன்ற இடப்பெயர்கள் அந்த நாட்களின் நினைவு. இரண்டு வாரங்களும் ஒரே இணையாகச் சேர 35 நாளாகும். பிறந்தநாள், சடங்கு, ஊர்க்கூட்டம் எல்லாம் இந்த 35 நாள் சுற்றில் வைக்கப்படுகின்றன. விடியுமுன் முதுகில் கூடை கட்டிக் கிளம்பும் பெண் கொண்டுபோவது சில தேங்காய், ஒரு கட்டுக் கீரை, இரண்டு கோழி. திரும்பும்போது எண்ணெய், உப்பு, வெல்லம், அக்கம்பக்கத்துச் செய்தி. சந்தை நாளுக்கு இன்று அந்த அழுத்தம் இல்லை. காய்கறி, மீன், தெம்பே எல்லாவற்றையும் பின்னிருக்கையில் தொங்கவிட்ட வியாபாரி காலையிலேயே மோட்டார்சைக்கிளில் வாசலுக்கு வருகிறார்.

பெருவழிகள் பிறந்தது ஊருக்காக இல்லை. 1808-இல் டச்சு ஆளுநர் டேன்டல்ஸ் கட்டாய உழைப்பைக் கொண்டு போடத் தொடங்கிய அஞ்சல் சாலை, அன்யெரிலிருந்து பனாருகான்வரை ஏறத்தாழ 1,000 கி.மீ., படைகளுக்கும் தபாலுக்குமானது. 1867-இல் செமாராங்கிலிருந்து தங்குங்வரை ஓடிய முதல் ரயில், உள்நாட்டுச் சர்க்கரையையும் புகையிலையையும் துறைமுகம் சேர்ப்பதற்கானது. உழவர் நடந்தார், பின் சைக்கிள் மிதித்தார், வசதியிருந்தால் குதிரைவண்டியில் போனார். உண்மையான மாற்றம் 1970-களில் மிட்சுபிஷி கோல்ட் சிற்றுந்தோடு வந்தது. எந்தச் சிற்றுந்தும் ‘கோல்ட்’தான் என்ற அளவுக்கு அது பரவியது. விடியலில் நகரத்துக்குக் கட்டட வேலைக்குப் போய் இருட்டுமுன் வீடு திரும்பலாம் என்றான போது, நிலமில்லாதவர் ஊரைவிட்டுக் குடிபெயர வேண்டிய கட்டாயம் தளர்ந்தது. அந்தச் சிற்றுந்துகளைப் பின்னாளில் வீழ்த்தியது தவணைமுறை மோட்டார்சைக்கிள். நாட்டில் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டன. சிறிய முன்பணத்தில் வண்டி வீட்டுக்கு வரும். அதன் உரிமைப் புத்தகத்தையே அடகு வைத்து உரமும் வாங்கலாம். பேருந்து ஓடாத ஊரில் உரிமம் பெறும் வயதான 17-ஐ எட்டாத பிள்ளைகள் அதை ஓட்டிப் பள்ளிக்குப் போகிறார்கள். காவலரும் ஊராரும் இதைக் காணாதது போல இருப்பது வழக்கம், விபத்துகள் மட்டும் விலக்கு அளிப்பதில்லை.

2015 முதல் மத்திய அரசு கிராமங்களுக்கு நேரடியாக நிதி தருகிறது. 2019-இல் ஒதுக்கியது 70 லட்சம் கோடி ரூப்பியா. 75 ஆயிரம் ஊர்களுக்கு வகுத்தால் ஊருக்குச் சராசரி 93 கோடி. இதில் பெரும்பகுதி சாலைக்கும் வாய்க்கால் கரைக்கும் போனது. வரப்புப் பாதைகள்வரை சிமெண்ட் பூசப்பட்டு, நெல்மூட்டை தலைச்சுமையிலிருந்து வண்டிக்கு மாறியது.

தொலைதூரப் பயணங்களிலும் ஊர் தன் தொழிலைத் தேர்ந்துகொண்டது. தெகால் நகரைச் சுற்றியுள்ள ஊர்களின் தொழில் ஜகார்த்தாவில் வார்தெக் எனப்படும் மலிவு உணவுக்கடை. பல குடும்பங்கள் கடையை முறைபோட்டு நடத்துகின்றன. சில மாதம் ஒரு தம்பதி கடையில், மற்றவர் ஊரில் வயலைப் பார்க்கிறார்கள். பின்பு இடம் மாறிக்கொள்கிறார்கள். சுண்ணாம்புக் குன்றுகளும் வறண்ட தெகால்களும் நிறைந்த வொனோகிரி மாவட்டம் இறைச்சி உருண்டைச் சூப்பான பாக்சோ விற்பவர்களின் ஊர். ஜகார்த்தாவுக்கு இரவுப் பேருந்துகள் அங்கிருந்து வரிசையாகப் புறப்படும். வொனோகிரிக்குத் திரும்பாத பயணமும் தெரியும். காஜா முங்குர் அணைக்காக அங்கே 51 ஊர்கள் நீரில் மூழ்கின. 1970-களின் பிற்பகுதியில் அவற்றின் மக்களில் பலர் மேற்குச் சுமத்ராவின் சித்தியுங்குக்கு ஊரோடு ஊராக ஏற்றிச் செல்லப்பட்டார்கள். இந்த அரசுக் குடியேற்றம் பழையது. 1905-இல் நடு ஜாவாவிலிருந்து 155 குடும்பங்கள் சுமத்ராவில் லாம்புங்கின் கெடோங் தாதாஆனில் இறக்கப்பட்டதே தொடக்கம். பிற்காலத் திட்டத்தில் குடும்பத்துக்கு 2 ஹெக்டேர் கொடுத்தார்கள். ஜாவாவில் கனவுகூடக் காண முடியாத அளவு அது. மண் ஜாவாவின் எரிமலை மண்ணாக இல்லை என்பது போனபின் தெரிந்தது.

கடல் தாண்டிப் போவது இப்போது பெரும்பாலும் பெண்கள். ஹாங்காங், தைவான், மலேசியா, வளைகுடா வீடுகளில் பணிப்பெண்களாகப் போகிறார்கள். கிழக்கு ஜாவாவின் பொனோரோகோ, மாலாங், நடு ஜாவாவின் சிலாசாப், மேற்கு ஜாவாவின் இந்திராமாயு இதற்குப் பேர்போனவை. கொடுமைச் செய்திகள் பெருகியதால் 2015-இல் மத்தியக் கிழக்கு நாடுகளின் தனி வீடுகளுக்குப் பணிப்பெண் அனுப்புவதை அரசு நிறுத்தியது. கள்ளவழிப் பயணம் நிற்கவில்லை. அவர்கள் அனுப்பும் பணம் எங்கே போகிறது என்று ஊருக்குள் நடந்தாலே தெரியும். மூங்கில் தட்டி வீடுகளுக்கு நடுவே, பளபளக்கும் தரையோடுகளும் உருண்டைத் தூண்களுமாக ஒரு வீடு. திண்ணையில் பாட்டியும் பேரப்பிள்ளையும். வீட்டுக்குப் பின் வயல், வயலுக்குப் பின் பிள்ளைகளின் படிப்பு. பல குடும்பங்கள் பின்பற்றும் வரிசை அதுதான்.

நிலம் வண்டியாக மாறுவதும் நடக்கிறது. கிழக்கு ஜாவாவின் துபான் மாவட்டத்தில் சுமுர்கெனெங் என்ற ஊரின் மக்கள் 2021-இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்காக நிலம் கொடுத்து இழப்பீடு பெற்றார்கள். சில வாரங்களில் 170-க்கும் மேற்பட்ட புதிய கார்கள் ஊருக்குள் வந்தன. லாரிகளில் வரிசையாக அவை வந்திறங்கும் காட்சி நாடெங்கும் பேசப்பட்டது. அடுத்த ஆண்டே சிலர் மாடு விற்றுச் செலவைச் சமாளிப்பதாகச் செய்திகள் வந்தன. நிலத்தை விற்ற உழவருக்கு மாற்று நிலம் அருகில் கிடைப்பதில்லை என்பதை ஊர் முன்பே அறிந்திருந்தது.

வெளியே போனவர் எல்லோரும் ஒருசேரத் திரும்பும் காலம் ரமலான் நோன்பு முடியும் பெருநாள். முடிக் எனப்படும் இந்தப் பெயர்ச்சியில் 2024-இல் 19 கோடிக்கு மேற்பட்டோர் பயணிப்பார்கள் என்று போக்குவரத்து அமைச்சகம் மதிப்பிட்டது. 2018 டிசம்பரில் ஜகார்த்தாவையும் சுராபாயாவையும் இணைத்த சுங்கச்சாலை பல மணி நேரத்தை மிச்சப்படுத்தியது. ஆனாலும் லட்சக்கணக்கானோர் மோட்டார்சைக்கிளிலேயே, நடுவில் குழந்தையும் பின்னால் பலகையில் கட்டிய அட்டைப்பெட்டியுமாக வருகிறார்கள். பெருநாளன்று மன்னிப்புக் கேட்பது, கல்லறைக்குப் போவது, வீடு வீடாக ஏறி இறங்குவது முடிந்ததும், உடன்பிறந்தார் எல்லோரும் ஒரே கூரைக்குள் இருக்கும் அந்தச் சில நாட்களில் பங்குப் பேச்சும் எழும். யாருடைய வயலை யார் உழுவது, ஒத்தி எப்போது மீட்பது, சான்றிதழில் யார் பெயர் என்று முடிவாகும்.

வெளியூரில் இருந்துகொண்டு ஊரில் வயல் வைத்திருப்பதற்குச் சட்டத்தில் ஒரு முள் உண்டு. 1961-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி வயலின் உடைமையாளர் அந்த வட்டத்திலோ, உழுவதற்குத் தொலைவு தடையாகாத அடுத்த வட்டத்திலோ வசிக்க வேண்டும். அரசுப் பணியில் வெளியூரில் இருப்பவர்க்கு விலக்கு. எழுத்தின்படி நடந்தால் ஜகார்த்தாவில் பாக்சோ விற்பவரும் ஹாங்காங்கில் வேலை பார்ப்பவரும் தங்கள் பங்கை விற்றாக வேண்டும். நடைமுறையில் விதி அபூர்வமாகவே பாய்கிறது. வெளியூர் சென்றவர் அடையாள அட்டையில் ஊர் முகவரியை மாற்றாமல் வைத்திருக்கிறார், அல்லது வயல் தாயின் பெயரிலோ ஊரிலிருக்கும் அக்காவின் பெயரிலோ தொடர்கிறது. வாரத்துக்கு உழுபவர் விளைச்சலின் பங்கைப் பணமாக்கி வங்கியில் போட்டுவிடுகிறார். லெட்டர் சி ஏட்டில் இறந்துபோன பாட்டனின் பெயரே இன்னும் இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. பெயர் மாறாதவரை, எங்கே இருந்தாலும் பேரப்பிள்ளைகள் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.